தெளிவுக் கனவு பழகிய விதம்: நோட்டும் அலாரமும் அதிகாலை நான்கு மணியும்

பல ஆண்டுகளாக விடாமல் வந்துகொண்டிருந்த ஒரு கெட்ட கனவு இப்போது எனக்கு அரிதாகவே வருகிறது. வந்தாலும் பதறி எழுந்து உட்காரும் அளவுக்கு அது வளர்வதில்லை. ரயில் நகரத் தொடங்கியிருக்கும், என் மகள் பெட்டிக்குள் இருப்பாள், நான் நடைமேடையில் நிற்பேன். கனவு இவ்வளவுதான். இதைத் தீர்க்க வழி தேடித்தான், கனவு காணும்போதே அது கனவு என்று உணரும் பழக்கத்தை முயன்று கற்றேன். தெளிவுக் கனவு என்றும் லூசிட் டிரீம் என்றும் இதைச் சொல்கிறார்கள். முயற்சி பலித்திருப்பதால், எந்தக் கட்டத்தில் என்ன செய்தேன், என்ன செலவானது, எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, பலனைப் போலவே தொல்லைகளும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடங்கும் முன் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இது உண்மையிலேயே தூக்கத்தில் நடப்பதா, அரைகுறை விழிப்பில் தோன்றும் கற்பனையா? 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் நடத்திய சோதனையைப் பற்றிப் படித்ததும் அது தீர்ந்தது. கனவுத் தூக்கத்தில் உடல் தசைகள் செயலிழந்து கிடந்தாலும் கண்கள் அசையும். ஆகவே, கனவு என்று உணர்ந்தவுடன் கண்களை இடமும் வலமுமாகக் குறிப்பிட்ட விதத்தில் அசைக்க வேண்டும் என்று ஆலன் வொர்ஸ்லி என்பவரோடு முன்பே பேசி வைத்திருந்தார்கள். வொர்ஸ்லி உறங்கிக்கொண்டிருந்தபோதே அந்தச் சைகை, கண் அசைவைப் பதிக்கும் கருவியின் தாளில் பதிவாகியது. பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபார்ஜ் தனியாக இதையே நிறுவிக் காட்டியதோடு, வேண்டும்போது இத்தகைய கனவை வரவழைக்க ஒரு பயிற்சியையும் வகுத்தார். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், உறங்குபவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்க, அவர் கனவுக்குள் இருந்தபடியே கண்களை இரண்டு முறை அசைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

முதலில் வாங்கியது ஒரு நோட்டு. கோடு போட்ட சாதாரண நோட்டு நாற்பது ரூபாய். பேனாவைவிடப் பென்சில்தான் இதற்கு ஏற்றது. மல்லாந்து படுத்து நோட்டை உயர்த்திப் பிடித்து எழுதினாலும் அது நிற்காமல் எழுதும். நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு சிறிய டார்ச் வாங்கி, அதன் கண்ணாடியின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் எழுதினால் தூக்கம் முழுதாகக் கலையாது, பக்கத்தில் படுத்திருப்பவரும் விழிக்கமாட்டார். கைப்பேசியில் பதிவு செய்வதையும் முயன்று பார்த்தேன். திரையின் வெளிச்சம் ஒரு பக்கம், இரவில் வந்து குவிந்திருக்கும் செய்திகள் இன்னொரு பக்கம்; கனவு அந்த நொடியிலேயே கரைந்துவிடுகிறது.

எழுதுவதைவிட அதற்கு முந்தைய அரை நிமிடம்தான் முக்கியம். விழிப்பு வந்ததும் புரளக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. கடைசியாகப் பார்த்த காட்சி எது என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அதைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். தொடக்கத்தில் எனக்கு ‘மாடிப்படி, யாரோ சிரித்தது’ என்பதற்கு மேல் எதுவும் தங்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களிலும் தேதி, படுத்த நேரம், எழுந்த நேரம், எதனால் விழித்தேன் என்பவற்றைத் தவறாமல் குறித்தேன். இரண்டு மூன்று வாரங்களில் நினைவு தானாகவே கூர்மையடைந்தது. ஒரே காலையில் இரண்டு கனவுகளைப் பக்கம் நிறைய எழுத முடிந்தது. இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: கனவு நினைவில் நிற்காத வரையில் தெளிவுக் கனவு வந்தாலும் வந்தது தெரியாது. ஆகவே வேறு எதையும் தொடங்காமல் நோட்டோடு மட்டும் முதல் மாதத்தைக் கழிப்பது நல்லது.

நோட்டில் ஓரளவு பக்கங்கள் சேர்ந்த பிறகு, சிவப்பு பென்சிலால் திரும்பத் திரும்ப வருபவற்றை அடிக்கோடிட்டேன். ரயில் நிலையம் வரும் என்பது தெரிந்ததுதான். எதிர்பாராதது, செருப்பைத் தேடும் காட்சிகள் அத்தனை இருந்தது. கோவில் வாசல், கல்யாண மண்டபம், மருத்துவமனை என்று எங்கே போனாலும் திரும்பி வரும்போது என் செருப்பு காணாமல் போயிருக்கும். காலமாகிவிட்ட தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசுவதும், விற்றுவிட்ட பழைய வீட்டில் நாங்கள் இன்னும் குடியிருப்பதும் அடுத்தபடியாக வந்தன. இவையெல்லாம் கனவின் அடையாளங்கள். அடுத்த கட்டத்துக்குத் தேவையான கொக்கிகள் இவைதான்.

அடுத்தது, விழித்திருக்கும்போது ‘இது கனவா’ என்று சோதித்துப் பழகுவது. பல சோதனைகளில் எனக்கு நம்பகமாக இருந்தவை இரண்டு. ஒன்று, மூக்கை விரல்களால் அழுத்தி மூடி, வாயையும் மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பது. நனவில் காற்று வராது. கனவிலோ மூடிய மூக்கின் வழியாகவே காற்று தாராளமாக உள்ளே போகும். இன்னொன்று, எழுத்தையோ எண்ணையோ ஒரு முறை படித்து, பார்வையை விலக்கி, மறுபடியும் படிப்பது. கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். விரல்களை எண்ணும் சோதனையும் உண்டு. என் கனவில் விரல்கள் பல முறை ஒழுங்காக ஐந்தாகவே இருந்ததால் அதைக் கைவிட்டேன். உயரத்திலிருந்து குதித்துப் பார்ப்பது, வண்டி ஓட்டும்போது கண்ணை மூடிப் பார்ப்பது போன்றவற்றைச் சோதனையாக ஒருபோதும் வைத்துக்கொள்ளக் கூடாது. நனவாக இருந்தாலும் தீங்கு நேராத ஒன்றுதான் சோதனையாக இருக்க முடியும்.

தொடக்கத்தில் மணிக்கொரு முறை மூக்கைப் பிடித்துப் பார்த்தேன். அதனால் விளைந்தது, கனவிலும் அதே பழக்கத்தில் மூக்கைப் பிடித்துவிட்டு, காற்று வருவதைக்கூடக் கவனிக்காமல் நடந்து போவதுதான். நோட்டில் இப்படிப்பட்ட பதிவு வந்த பிறகு முறையை மாற்றினேன். செருப்பை மாட்டும்போதும், ரயிலின் ஓசை கேட்கும்போதும் மட்டும் நின்று, ‘இங்கே எப்படி வந்தேன், இதற்கு முன் எங்கே இருந்தேன்’ என்று உண்மையாகவே யோசித்த பிறகு மூக்கைப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வீடு விழுப்புரத்தில், தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ரயிலோசைக்குப் பஞ்சமில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போதும். மனம் ஒன்றிக் கேட்கும் ஒரு கேள்வி, இயந்திரம்போலச் செய்யும் பத்துச் சோதனைகளைவிட மேலானது.

இவ்வளவு செய்தும் ரயில் கனவு ஒரு முறை முழுதாக வந்து, நான் எதையும் உணராமலே முடிந்தது. அதன் பிறகுதான் அதிகாலையில் எழுந்து மீண்டும் படுக்கும் முறைக்கு வந்தேன். கனவுத் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை திரும்பி வருவது. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிப்பது, விடியும் வேளையில் நீண்டுகொண்டே போகும். ஆகவே ஐந்து மணி நேரம் உறங்கிய பின் எழுந்து, சற்று நேரம் விழித்திருந்து, மனப்பயிற்சியோடு மறுபடி படுத்தால் வாய்ப்பு கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறைகளைச் சேர்த்துச் செய்தவர்களின் முயற்சிகளில் சுமார் 17 விழுக்காடு முதல் வாரத்திலேயே பலித்திருக்கிறது. பயிற்சி முடிந்து ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு இது 46 விழுக்காடு வரை போயிருக்கிறது. இந்த இரண்டாவது எண்தான் என் செய்முறையை மாற்றியது.

பத்தரைக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்தேன். கைப்பேசி அலாரம் முதல் நாளே வீட்டையே எழுப்பிவிட்டது. “மணி நாலுதாம்மா ஆகுது, யார் ஊருக்குப் போறாங்க?” என்று கேட்டுவிட்டு என் கணவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மறுவாரம் 1,800 ரூபாய்க்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கினேன். மணிக்கட்டில் அதிர்ந்து எழுப்புவதால் மற்றவர்களுக்குத் தெரியாது. இந்த முயற்சி முழுவதிலும் பெரிய செலவு இதுதான், வேறு பயன்பாடும் இதற்கு இருப்பதால் வருத்தமில்லை. அதிலுள்ள தூக்க வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். கனவுத் தூக்கம் என்று அது காட்டிய நேரங்களும் என் நோட்டும் பல நாட்கள் ஒத்துப்போகவில்லை.

எழுந்த பிறகு எவ்வளவு நேரம் விழித்திருப்பது என்பதில்தான் அதிகம் தடுமாற வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து படித்த நாட்களில் தூக்கம் ஓடியே போய்விட்டது. எழாமல் படுக்கையிலேயே புரண்ட நாட்களில் பயிற்சியைத் தொடங்கும் முன்பே உறங்கிவிட்டேன். எனக்குச் சரிப்பட்டது பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள்: கழிவறைக்குப் போய்வந்து, இரண்டு மிடறு தண்ணீர் குடித்து, சிவப்பு வெளிச்சத்தில் அப்போது கலைந்த கனவை எழுதி, விளக்கை அணைத்து ஒருக்களித்துப் படுப்பது. மார்கழியில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. நாலரைக்குக் கோவில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அந்த மாதம் முழுவதும் பயிற்சியை நிறுத்திவைத்தேன்.

படுத்த பின் செய்யும் மனப்பயிற்சி லபார்ஜ் வகுத்ததுதான். சற்று முன் கண்ட கனவை மறுபடி மனதில் ஓட்டி, அதிலுள்ள அடையாளம் ஒன்று வரும் இடத்தில் நின்று, ‘இது கனவு’ என்று நான் உணர்வதாகக் கற்பனை செய்ய வேண்டும். கூடவே, ‘அடுத்த கனவில், காண்பது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்’ என்று பொருள் உணர்ந்து சொல்லிக்கொள்ள வேண்டும். நாளை கடைக்குப் போகும்போது மறக்காமல் மருந்து வாங்க வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறோமே, அதே வேலைதான் இது. வெறும் உருப்போடுவதால் பயனில்லை. வேறு எண்ணம் குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அந்த வாக்கியத்தோடேயே உறங்கிப் போக வேண்டும்.

முதல் வெற்றி ஒரு செருப்பில் வந்தது. மண்டப வாசலில் தேடிக்கொண்டிருந்தபோது, ‘இது நோட்டில் இருக்கிறதே’ என்ற எண்ணம் எழுந்தது. மூக்கைப் பிடித்தேன், காற்று வந்தது. மகிழ்ச்சியில் நெஞ்சு படபடத்து உடனே விழித்துவிட்டேன். அடுத்து வந்த சிலவும் இப்படியே கலைந்தன. உணர்ந்தவுடன் எதையும் செய்யத் துடிக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்து அந்தச் சொரசொரப்பைக் கவனிப்பதும், ஒரே பொருளை முறைத்துப் பார்க்காமல் பார்வையை மெல்ல நகர்த்துவதும் கனவை நிலைநிறுத்தின. கைகளைத் தேய்க்கத் தொடங்கிய பிறகு ஒரு கனவு சில நிமிடங்கள் வரை நீடிப்பதாக உணர்ந்தேன்.

ரயில் கனவு அதன் பிறகுதான் வந்தது. நடைமேடையின் முனையில் அந்த மஞ்சள் பலகை இருந்தது. ஊர்ப் பெயரின் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்களே, அந்த எண்ணைப் படித்தேன்: 43. மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்: 610. மூன்றாம் முறை எண்ணே இல்லை, மீட்டர் என்பது மட்டும் இருந்தது. கைகளைத் தேய்த்தேன். ரயில் நிற்கட்டும் என்று மனதுக்குள் உரக்கச் சொன்னேன், அது நிற்கவில்லை. கனவு என்று அறிவது வேறு, கனவை ஆட்டுவிப்பது வேறு. முன்னது கைகூடினால் பின்னதும் தானே வந்துவிடும் என்று எண்ணுபவர்கள் ஏமாந்து போவார்கள். ஆனால் ஓட வேண்டிய பதைப்பு என்னிடம் இல்லை. பெட்டியோடு சேர்ந்து நிதானமாக நடந்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே மகள் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன், கம்பியின் குளிர்ச்சியும் அவள் உள்ளங்கையின் ஈரமும் தெரிந்தன. அடுத்த கதவு வந்ததும் ஏறினேன். ஏறியதும் விழித்துவிட்டேன். ஐந்தே காலுக்கு அதை எழுதியபோது பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.

அதன் பின் அந்தக் கனவு வந்த சில தடவைகளிலும் நான் தெளிவாக உணர்ந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் பயம் குறைந்திருந்தது. நெதர்லாந்தில் ஸ்பூர்மேக்கரும் அவரோடு பணியாற்றியவரும் 2006இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வும் இதற்கு ஒத்திருக்கிறது: இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, ஆனால் குறைவதற்குத் தெளிவுக் கனவு வந்தே தீர வேண்டும் என்றில்லை. கனவின் முடிவை விழித்திருக்கும்போதே மாற்றி ஒத்திகை பார்ப்பதுகூடப் பலன் தந்திருக்கலாம் என்பது என் எண்ணம். இன்னொரு பலனையும் சோதித்தேன். கனவுக்குள் நாணயம் எறிந்து பழகியவர்கள் நனவில் குறி தேறினார்கள் என்று எர்லாக்கரும் ஷ்ரெட்லும் 2010இல் எழுதியிருந்ததைப் பார்த்து, ஹார்மோனியத்தில் ஒரு வரிசையைக் கனவில் வாசிக்க முயன்றேன். கட்டைகள் எண்ணிக்கையில் கூடிக்கொண்டே போயின; எனக்கு அது பயன்படவில்லை.

தொல்லைகளில் முதலாவது, விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் நுழையும் முறையால் வந்தது. மல்லாந்து அசையாமல் படுத்து, உடல் உறங்க மனம் விழித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கனவுக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது அமுக்குப் பேய். கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் பாரம், கதவருகே யாரோ நிற்கும் நிச்சயமான உணர்வு. கனவுத் தூக்கத்துக்குரிய தசைச் செயலிழப்பு விழிப்பு வந்த பின்னும் சில நொடிகளோ நிமிடங்களோ நீடிப்பதுதான் இது, மூச்சு நின்றுவிடாது என்று முன்பே படித்திருந்தேன். அந்த அறிவு இல்லாமல் இதில் மாட்டிக்கொண்டால் மிகவும் பயந்துபோயிருப்பேன். மூச்சை மெதுவாக விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்க முயன்றபோது விடுபட்டது. அந்த முறையை அத்தோடு விட்டுவிட்டேன். மல்லாந்து படுத்தால் இது வருவது அதிகம் என்பதால், ஒருக்களித்தே படுக்கிறேன்.

இரண்டாவது பொய் விழிப்பு. எழுந்து, நோட்டை எடுத்து, கனவை எழுதி முடித்த பிறகு மறுபடி விழிப்பேன். நோட்டில் ஒன்றும் இருக்காது. இது தீங்கானதல்ல, ஆனால் காலையில் அடுக்கடுக்காக வந்தால் களைப்பூட்டும். விழித்ததும் முதல் வேலையாக மூக்கைப் பிடிப்பது இதற்கு மருந்து.

மூன்றாவதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. சோதனையைப் பகலில் அடிக்கடி செய்துவந்த காலத்தில், ஒரு நாள் காய்கறிக் கடையில் நின்றிருந்தபோது சுற்றியிருந்த எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல ஓர் அந்நியத்தன்மை தோன்றி, சற்று நேரம் விலகவில்லை. சோதனையை நாலைந்தாகக் குறைத்தபின் அது மறுபடி வரவில்லை. மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு, நனவோடு ஒட்டாதது போன்ற உணர்வு ஆகியவை முன்பே உள்ளவர்களோ, குடும்பத்தில் அத்தகைய நோய் வரலாறு உடையவர்களோ, மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. விபத்து, வன்முறை போன்றவற்றை மீண்டும் மீண்டும் கனவில் காண்பவர்களும் இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். அவர்களுக்கு முறையான சிகிச்சை இருக்கிறது.

நான்காவது தூக்க இழப்பு. நான்கு மணிக்கு எழுந்த நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குக் கண் சொக்கியது. அப்படிப்பட்ட நாளில் ஸ்கூட்டர் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பின்னர், மறுநாள் எட்டு மணி வரை தூங்க முடிகிற சனி இரவுக்கு மட்டும் பயிற்சியைக் கட்டுப்படுத்தினேன். தூக்கமின்மையால் ஏற்கெனவே அவதிப்படுபவர்கள் அதிகாலை அலாரத்தைத் தொடவே வேண்டாம்.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கேட்பவர்கள் பலர். மறதி நோய்க்கு மருத்துவர்கள் தரும் கேலன்டமைன் என்ற மருந்தை வைத்து லபார்ஜ் குழுவினர் 121 பேரிடம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தில்லாத இரவில் 14 விழுக்காட்டினருக்கும், 4 மில்லிகிராமில் 27 விழுக்காட்டினருக்கும், 8 மில்லிகிராமில் 42 விழுக்காட்டினருக்கும் தெளிவுக் கனவு வந்திருக்கிறது. எண்கள் கவர்ச்சியானவைதான். ஆனால் குமட்டலும் இதயத் துடிப்புக் குறைதலும் அதன் பக்கவிளைவுகள். ஒரு கனவுக்காக அதை நான் விழுங்கமாட்டேன், யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். கண்ணில் ஒளி பாய்ச்சும் முகமூடிகளையும் வாங்கவில்லை. நோட்டு, பென்சில், டார்ச், பேண்ட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

மறுபடி தொடங்குவதானால் முதல் மாதம் நோட்டு மட்டும், இரண்டாம் மாதத்திலிருந்து சனி இரவு மட்டும் அலாரம், விழித்திருப்பது பத்து நிமிடம், படுப்பது ஒருக்களித்து என்று வைத்துக்கொள்வேன். தேர்வுக் காலத்திலும் காய்ச்சலிலும் வெளியூர்ப் பயணத்திலும் பேண்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். ரயில் கனவு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டதால் இப்போது அலாரம் வைப்பதில்லை. நோட்டை மட்டும் தொடர்கிறேன். இரண்டாவது நோட்டு பாதியைத் தாண்டியிருக்கிறது, செருப்பு இன்னும் காணாமல்தான் போகிறது.